வயசைப் பற்றிப் பேசாமலே வெளியே அனுப்புகிறார்களா? எப்படிக் கண்டுபிடிப்பது? (ஓசூர் சிப்காட்)

#1 – பழைய செட்டர் (வியாழன் இரவு)

எல்லோருக்கும் வணக்கம். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி, டூல் ரூம் (டை என்கிற உலோக அச்சுகளைச் செய்து, செட் செய்யும் இடம்). பெயர் வேண்டாம். 2004இல் சேர்ந்தேன். கிருஷ்ணகிரி தனி மாவட்டமான வருடம் அது, அதனால் மறக்காது. சர்டிபிகேட்படி இப்போது 47.

யாரும் என்னிடம் “வயசாயிடுச்சு, கிளம்பு” என்று சொல்லவில்லை. அதுதான் குழப்பமே. நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் புதிதாக இரண்டு விஎம்சி மெஷின் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகத்தைச் செதுக்குவது) வந்தது. பெங்களூரில் ஐந்து நாள் பயிற்சி. போன மூன்று பேரும் 30க்குள். நான் கேட்டதற்கு மேனேஜர், “உங்களுக்கு எதுக்குண்ணா இந்த அலைச்சல்” என்றார். அக்கறையாகத்தான் சொன்னார், எனக்கும் தப்பாகப் படவில்லை. அப்புறம் இரண்டு பையன்களை என்னோடு விட்டார்கள். இருபது வருடமாக நான் எழுதி வைத்த நோட்டு ஒன்று உண்டு. எந்த டைக்கு எவ்வளவு ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு), எந்த ஜாப்புக்கு எந்த ஆப்செட் (மெஷினில் வைக்கும் அளவுத் திருத்தம்), எங்கே பர் (ஓரப் பிசிறு) அடிக்கும், எல்லாம் அதில் இருக்கும். அதை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆறு மாதத்தில் பையன்கள் தேறிவிட்டார்கள். ஏழாவது மாதம் என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். சம்பளம் அதே, ஆனால் ஓவர்டைம் கிடையாது.

அடுத்து அப்ரைசல். இத்தனை வருடமும் “நன்று” என்பதற்குக் கீழே இறங்காதவன், இந்த முறை “முன்னேற்றம் தேவை”. காரணமாக எழுதியிருந்தது: புதிய தொழில்நுட்பத்துக்கு ஏற்ப மாறவில்லை. எந்த மெஷின் பயிற்சிக்கு என்னை அனுப்பவில்லையோ, அதே மெஷின்!

நேற்று எச்ஆர் கூப்பிட்டு, “நல்ல தொகை தருகிறோம், யோசிங்க” என்று ஒரு தாளை நீட்டினார்கள். முதல் வரியே “என் சொந்த விருப்பத்தின் பேரில்” என்று ஆரம்பிக்கிறது.

மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இது வயதுப் பாகுபாடா, இல்லை நானாகத்தான் அப்படி நினைத்துக்கொள்கிறேனா?

#2 – தர்கா ஸ்டாப்

கையெழுத்துப் போட்டீர்களா இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள்.

#3 – பழைய செட்டர்

போடவில்லை சார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

#4 – கணக்குப்பிள்ளை

கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இது வயது இல்லை, சம்பளம். 42 ஆயிரம் வாங்கும் ஆள் செய்கிற வேலையை 18 ஆயிரத்துக்குச் செய்ய இரண்டு பேர் இருந்தால் எந்த முதலாளியும் கணக்குப் போடத்தான் செய்வான். நானும் பர்கூர் பக்கம் சின்னதாக ஒரு யூனிட் நடத்துகிறேன், எனக்கும் அந்தக் கணக்கு உண்டு. எதற்கெடுத்தாலும் பாகுபாடு என்று பெயர் வைத்தால் அந்த வார்த்தைக்கே மதிப்பு இல்லாமல் போய்விடும்.

#5 – எச்ஆர் முன்னாள்

இரண்டு வருடம் முன்பு வரை நான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவன். ஓசூரிலும் பெங்களூரிலும். சில விஷயங்களைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகும்.

“45க்கு மேல் வேண்டாம்” என்று யாரும் மெயிலில் எழுத மாட்டார்கள், கன்சல்டன்சிக்குப் போனில் சொல்வார்கள். விளம்பரத்தில் அது வேறு உருவத்தில் வரும். “3 முதல் 7 வருட அனுபவம்” என்று மேலேயும் ஒரு வரம்பு வைப்பது பாதி நேரம் வயது வரம்புதான். 7 வருடம் தெரிந்தவன் செய்கிற வேலையை 20 வருடம் தெரிந்தவன் செய்ய மாட்டானா என்ன? “துடிப்பான இளம் குழு”, “டைனமிக்”, இதெல்லாம் அதே சங்கதிதான். இன்டர்வியூவில் “எங்க லீட் உங்களை விடச் சின்னவர், பரவாயில்லையா?” என்று கேட்டால், பரவாயில்லை என்று நீங்கள் சொன்னாலும் அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். “ஓவர் குவாலிபைட்” என்பதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

உள்ளே இருப்பவர்களுக்கு நடப்பது வேறு. செட்டர் அண்ணன் சொன்ன வரிசையைப் பாருங்கள்: முதலில் பயிற்சிப் பட்டியலில் பெயர் விடுபடுகிறது, அடுத்து அவர் கை வேலையை இன்னொருவர் கற்றுக்கொள்கிறார், அப்புறம் இடமாற்றம், அப்புறம் ரேட்டிங் சரிவு, கடைசியில் அந்தத் தாள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டால் எங்களிடம் பதில் இருக்கும். ஐந்தையும் தேதி போட்டு ஒரே தாளில் எழுதினால் பதில் சொல்வது கஷ்டம். ரேட்டிங் முதலில் விழுந்து அப்புறம் வேலை போனால் அது திறமைப் பிரச்சினையாக இருக்கலாம். இவருக்கு டூல் ரூம் வேலை முதலில் போய், அதற்குக் காரணம் காட்ட ரேட்டிங் பின்னால் வந்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை சார், சம்பளம்தான் காரணம் என்றால், “குறைத்துக்கொள்கிறீர்களா” என்று இவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களே? கேட்டார்களா?

#6 – பழைய செட்டர்

கேட்கவே இல்லை.

#7 – காவேரிப்பட்டணம் அக்கா

நீங்கள் எல்லாம் 47, 45 என்கிறீர்கள். எங்களுக்கு 25லேயே முடிந்துவிடுகிறது.

எலெக்ட்ரானிக்ஸ் அசெம்பிளி வேலைக்குக் கிருஷ்ணகிரியில் ஆள் எடுத்தார்கள். எனக்கு 31. முன்னே நாலு வருடம் ஓசூரில் இதே வேலை பார்த்தவள், சோல்டரிங் தெரியும், மைக்ரோஸ்கோப்பில் பார்க்கத் தெரியும். வரிசையில் நின்ற புள்ளைங்களில் பாதிப் பேருக்கு நான்தான் பாரம் நிரப்பிக் கொடுத்தேன். மேஜையில் இருந்த பையன் ஆதாரைப் பார்த்தான், என் பாரத்தை மட்டும் தனியாக ஒரு ஓரத்தில் வைத்தான். “கூப்பிடுவாங்கக்கா” என்றான். அந்த ஓரத்துக் கட்டில் இருந்த யாருக்கும் போன் வரவில்லை, விசாரித்துவிட்டேன்.

நோட்டீஸில் வெளிப்படையாகவே “பெண்கள், வயது 18–25” என்று போட்டிருந்தது. இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? கண்ணு 25க்கு மேல் தெரியாமலா போய்விடும்? கல்யாணம், குழந்தை, லீவு, ஹாஸ்டலில் தங்க மாட்டாள், இதைத்தான் வயது என்று எழுதுகிறார்கள்.

#8 – ட்ரெய்னி தம்பி

எல்லா அண்ணாவும் எங்களைத்தான் சொல்கிறீர்கள். நான் அந்த 18 ஆயிரம்கூட வாங்கவில்லை. ட்ரெய்னி என்று பெயர், செய்வது முழு ஆபரேட்டர் வேலை. அரூரிலிருந்து வந்து மூக்கண்டப்பள்ளியில் ஒரே ரூமில் ஆறு பேர் இருக்கிறோம். இரண்டு வருடம் முடிந்ததும் எங்களையும் அனுப்பிவிட்டு அடுத்த பேட்ச் எடுப்பார்கள். சின்ன வயசு என்பதால் குறைந்த சம்பளம், எதிர்த்துப் பேச மாட்டான் என்கிற நம்பிக்கை. இது வயதுப் பாகுபாடு இல்லையா?

இன்னொன்று. சில சீனியர்கள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு காட்டவே மாட்டார்கள். செட்டிங் செய்யும்போது “போய் டீ வாங்கிட்டு வா” என்று அனுப்பிவிடுவார்கள். செட்டர் அண்ணா அப்படி இல்லை போல, சந்தோஷம்.

#9 – பழைய செட்டர்

தம்பி, நானும் முதல் பத்து வருடம் அப்படித்தான் இருந்தேன். டீ வாங்க அனுப்பியிருக்கிறேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் என்னை அனுப்பினார்.

இன்னொரு வேடிக்கை சொல்லட்டுமா? என் உண்மையான வயது 45தான். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது ஐந்து வயது ஆகவில்லை என்று, வாத்தியாரே இரண்டு வருடம் முன்னால் தள்ளி ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டுவிட்டார். எங்கள் ஊரில் என் செட்டில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள். என்னுடையதே இல்லாத வயதுக்காக என்னை அனுப்பப் பார்க்கிறார்கள்.

#10 – தர்கா ஸ்டாப்

:) 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், ஆதார் பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது, பள்ளிச் சான்றிதழைப் பாருங்கள் என்றது. உங்கள் விஷயத்தில் அந்தச் சான்றிதழையே வாத்தியார் எழுதிவிட்டார், தப்பிக்க வழியில்லை.

சட்டம் பற்றி இரவு விரிவாக எழுதுகிறேன்.

#11 – சிவப்புத் துண்டு

தோழர்களே, நான் ஓய்வு பெற்றவன். சங்கத்தில் முப்பது வருடம். ஒரு கம்பெனியில் இப்படி “நல்ல தொகை” என்று கூப்பிட ஆரம்பித்தபோது யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று கேன்டீன் டோக்கனின் பின்பக்கத்தில் எழுதினோம். 11 பெயர். பக்கத்தில் பிறந்த வருடம் போட்டுப் பார்த்தால் 9 பேர் 45க்கு மேல். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

#12 – கணக்குப்பிள்ளை

அந்த டிபார்ட்மென்ட்டில் மொத்தம் எத்தனை பேர், அதில் 45க்கு மேல் எத்தனை பேர்? எல்லோருமே கிழவர்களாக இருந்தால் 11க்கு 9 என்பது ஒன்றுமே இல்லை. இதைச் சொல்லாமல் 9 என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

#13 – சிவப்புத் துண்டு

நியாயமான கேள்வி. மொத்தம் 64 பேர். 45க்கு மேல் 22.

#14 – கணக்குப்பிள்ளை

அப்படியானால் மூன்றில் ஒரு பங்கு. கண்ணை மூடிக்கொண்டு 11 பேரைத் தொட்டிருந்தால் நாலு பேர் வந்திருப்பார்கள். 9 வந்தது தற்செயல் இல்லை. சரி, இதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த 9 பேரும் அதிகச் சம்பளக்காரர்கள் என்பதையும் பாருங்கள். வயதும் சம்பளமும் ஒன்றாகவே நடக்கும், எது எதை இழுக்கிறது என்று எப்படிச் சொல்வீர்கள்?

#15 – பாலக்கோடு டு ஒஹாயோ

இதே கேள்வி இங்கே அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1967லேயே வேலையில் வயதுப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது, இப்போது அது 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. 20 பேராவது வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும். ஆனால் 1993இல் ஒரு வழக்கில், பென்ஷன் உரிமை கிடைக்கும் நேரத்தில் ஒருவரை அனுப்பினால் அது சர்வீஸ் வருடத்தைப் பார்த்து அனுப்பியது, வயதைப் பார்த்து அனுப்பியதாகத் தானாக ஆகிவிடாது என்று சொல்லிவிட்டார்கள். கணக்குப்பிள்ளை சார் கட்சி! 2009இல் இன்னும் இறுக்கினார்கள்: வயது ஒரு காரணம் என்றால் போதாது, வயது இல்லாவிட்டால் இது நடந்தே இருக்காது என்று தொழிலாளிதான் காட்ட வேண்டும். ஆக, சட்டம் இருக்கிற ஊரிலும் நிரூபிப்பது லேசு இல்லை.

ஆனால் ஒன்று எனக்குப் பிடித்தது. 1990இல் வந்த திருத்தத்தின்படி, 40க்கு மேற்பட்டவர் பணம் வாங்கிக்கொண்டு இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தர வேண்டுமானால் யோசிக்க 21 நாள் தர வேண்டும். கும்பலாக அனுப்பினால் 45 நாள். கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாளுக்குள் வாபஸ் வாங்கலாம். கும்பலாக அனுப்பும்போது எந்தெந்தப் பதவியில் எந்தெந்த வயதுக்காரர்களைத் தேர்ந்தெடுத்தோம், யாரை விட்டோம் என்ற பட்டியலையும் கம்பெனியே தர வேண்டும். சிவப்புத் துண்டு ஐயா டோக்கனில் எழுதியது இங்கே கம்பெனி லெட்டர்பேடில் வரும்.

தக்காளி விலை அங்கே எப்படி இருக்கிறது? அப்பா போனை எடுக்கவில்லை.

#16 – தர்கா ஸ்டாப் (வெள்ளி இரவு)

இப்போது நம் ஊர் கதை.

தனியார் வேலையில் வயதுப் பாகுபாடு கூடாது என்று நம் நாட்டில் நேரடியான பொதுச் சட்டம் கிடையாது. அரசியலமைப்பில் 15, 16ஆம் பிரிவுகள் மதம், சாதி, பால், பிறந்த இடம் என்று பட்டியல் போடுகின்றன. அதில் வயது இல்லை. 1981இல் ஏர் இந்தியா பணிப்பெண்கள் வழக்கு: முதல் கர்ப்பத்தோடு வேலை போகும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் அடித்துப் போட்டது. ஆனால் விமானத்தில் வேலை செய்த ஆண்களுக்கு 58 வரை, பெண்களுக்கு 35 என்ற அடிப்படை வித்தியாசத்தை, இரண்டும் வேறு வேறு பதவி என்று சொல்லி விட்டுவிட்டது. அக்காவின் ஓரத்துக் கட்டு அங்கிருந்தே வருகிறது.

ஆனால் வயது என்ற சொல் இல்லாமலே மூத்தவர்களைக் காக்கும் ஒரு விதி நம் சட்டத்தில் இருக்கிறது. ஆட்குறைப்பு செய்தால், கடைசியாக வந்தவர்தான் பொதுவாக முதலில் போக வேண்டும். 1947ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் அமலான தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும் இருக்கிறது. வரிசை மாற்றினால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். ஒரு மாத நோட்டீஸ், ஒவ்வொரு வருட சர்வீஸுக்கும் 15 நாள் சம்பளம். பிறகு ஒரு வருடத்துக்குள் ஆள் எடுத்தால் அனுப்பப்பட்டவருக்கு முன்னுரிமை.

அதாவது கம்பெனி உங்களைச் சட்டப்படி ஆட்குறைப்பு செய்ய நினைத்தால், உங்களுக்கு முன் அந்த இரண்டு பையன்கள் போக வேண்டும். அதனால்தான் தாளில் ஆட்குறைப்பு என்று இல்லை, “சொந்த விருப்பத்தின் பேரில்” என்று இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்ட நிமிடம் இந்த விதி எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. மிரட்டி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். எனக்குத் தெரிந்து வயதுப் பாகுபாட்டின் அடையாளங்களிலேயே பெரியது அந்த முதல் வரிதான்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. சூப்பர்வைசர் வேலை பார்த்து 18 ஆயிரத்துக்கு மேல் வாங்குபவர் “தொழிலாளி” இல்லை. அதனால் அவர்கள் முதலில் உங்கள் பதவிப் பெயரைக் காட்டுவார்கள். பெயர் முக்கியமில்லை, நாள் முழுக்க என்ன வேலை செய்தீர்கள் என்பதுதான் பார்க்கப்படும். டையில் கை வைத்து வேலை செய்தீர்களா, இல்லை லீவு சாங்ஷன் செய்துகொண்டிருந்தீர்களா? உங்கள் நோட்டு அதற்கு நல்ல சாட்சி. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி இருக்கிறதா?

#17 – பழைய செட்டர்

தேதி போடாமல் எதையும் எழுத மாட்டேன் சார். 2005 மார்ச்சிலிருந்து இருக்கிறது.

#18 – சிவப்புத் துண்டு

அப்படியானால் அந்த நோட்டு இனி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. பையன்கள் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

#19 – ட்ரெய்னி தம்பி

பையன்கள் என்ன பாவம் செய்தார்கள் ஐயா?

#20 – எச்ஆர் முன்னாள்

திங்கட்கிழமைக்கு என் யோசனை. கோபப்பட வேண்டாம். “வயசைப் பார்த்துச் செய்கிறீர்கள்” என்று வாயால் சொல்லவே வேண்டாம், உடனே வக்கீலைக் கூப்பிட்டுவிடுவார்கள். மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: பயிற்சிப் பட்டியலில் என் பெயர் ஏன் இல்லை, அடுத்த பேட்ச் எப்போது, ஸ்டோருக்கு மாற்றியதற்கு எழுத்தில் காரணம் என்ன? அன்று சாயந்திரமே பேசியதை அப்படியே மெயில் போட்டு உங்கள் சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள். பதில் வராவிட்டாலும் மெயில் இருக்கும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர் குழு இருக்க வேண்டும், அதற்கும் ஒரு மனு. பெரும்பாலும் போர்டில் மட்டும்தான் இருக்கும், இருந்தாலும் போடுங்கள்.

#21 – கணக்குப்பிள்ளை

தொகை எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லையே? அண்ணா, அடிப்படைச் சம்பளமும் டிஏவும் எவ்வளவு? அதை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, சர்வீஸ் வருடத்தால் பெருக்குங்கள். 24 ஆயிரம், 21 வருடம் என்றால் ஏறக்குறைய 2 லட்சத்து 90 ஆயிரம். அது கிராஜுவிட்டி, நீங்களாக ராஜினாமா செய்தாலும் வர வேண்டிய பணம். “நல்ல தொகை” என்பதில் இதையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்று பாருங்கள். நானாக இருந்தால் சேர்த்துத்தான் சொல்வேன்.

#22 – பழைய செட்டர்

சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். 6 லட்சம் என்றார்கள், தாளில் கீழே “கிராஜுவிட்டி உட்பட” என்று பொடி எழுத்து. நீங்கள் சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

#23 – தர்கா ஸ்டாப்

பிஎப் பென்ஷன் 58இல்தான் முழுதாக. 50இலிருந்து முன்கூட்டியே வாங்கலாம், ஆனால் குறைகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. 47இல் வெளியே வந்தால் மூன்று வருடம் அதுவும் இல்லை. இதையும் கணக்கில் வையுங்கள்.

அக்கா, உங்களுக்கும் ஒன்று: அந்த நாலு வருடம் குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தமா? புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் அப்படிப்பட்டவர்களுக்கு ஐந்து வருடம் காத்திருக்காமல், ஒரு வருடம் முடித்தாலே கிராஜுவிட்டி உண்டு. பழைய வேலைக்குக் கிடைக்காது, இனிமேல் சேர்வதற்குக் கேளுங்கள். பிஎப்புக்குப் பழைய யுஏஎன் நம்பரையே கொடுங்கள், புதிதாக ஒன்று போட விடாதீர்கள்.

#24 – காவேரிப்பட்டணம் அக்கா

சேர்த்தால்தானே தம்பி கேட்பது. இப்போதைக்கு மாம்பழக் கூழ் பேக்டரியில் சீசன் வேலை. அங்கே வயது கேட்பதில்லை, கை வேகத்தைத்தான் பார்க்கிறார்கள். 60 வயது ஆயா என்னை விட வேகமாகக் கொட்டை எடுக்கிறது.

#25 – நெறியாளர்

கம்பெனி பெயரை ஊகித்து எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

#26 – பழைய செட்டர் (அடுத்த புதன்)

கேட்டவர்களுக்காக. திங்கட்கிழமை போனேன். கையெழுத்துப் போடவில்லை. மூன்று கேள்வியையும் கேட்டேன். எச்ஆர் அம்மா, “இதெல்லாம் யாருண்ணா உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?” என்றார். சாயந்திரம் மகளை வைத்து மெயில் அடித்தேன், தமிழில்தான். பதில் வரவில்லை. இன்னும் ஸ்டோரில்தான் இருக்கிறேன்.

தொழிலாளர் துறையில் சமரச அலுவலரைப் பார்க்கலாம் என்று சிவப்புத் துண்டு ஐயா போனில் சொன்னார். முன்பு வேலை போனால் வழக்குப் போட மூன்று வருடம் கெடு இருந்ததாம், இப்போது இரண்டு. எனக்கு இன்னும் வேலை போகவில்லை, அதனால் எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொன்னார். புது நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன்.

பழைய நோட்டு பற்றி. நேற்று செகண்ட் ஷிப்டில் ஒரு பிளாங்கிங் டை பர் அடித்து லைன் நின்றுவிட்டது. பையன்கள் ஸ்டோருக்கு வந்து நின்றார்கள். மேனேஜர் அனுப்பினாரா, அவர்களாக வந்தார்களா தெரியாது, கேட்கவும் இல்லை. சிவப்புத் துண்டு ஐயா திட்டுவார். நோட்டு வீட்டில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் அதற்கு முந்தின நாளே முழுசாக ஒரு ஜெராக்ஸ் எடுத்து பையில் வைத்திருந்தேன். அதைக் கொடுத்துவிட்டேன்.

நாற்பதாம் பக்கத்தில் என் கையெழுத்து புரியவில்லையாம். நாளைக்கு டீ டைமில் போய்ப் படித்துக் காட்ட வேண்டும்.